வாவி, எண்ணெய்த் தொட்டியல்ல

திம்புள்ள மலைகளில் தண்ணீர் கெட்டுப்போனால் விரல் நீளுவது லயன் குடியிருப்புகளை நோக்கித்தான். "தோட்டத்து மக்களுக்குச் சுகாதாரம் தெரியாது" என்று பட்டணத்துக் கனவான்கள் தீர்ப்பளித்து விடுவார்கள். விடுமுறையில் அவர்களே குடும்பத்தோடு ஏறியமரும் விசைப்படகின் எஞ்சின் ஒயில் எங்கே போகிறது என்று மட்டும் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

முதலில் நீரின் வழியைப் பாருங்கள். ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் அமைக்கப்பட்டது நுவரெலியாவின் கிரகரி வாவி. இன்று விசைப்படகுகளும் நீர் ஸ்கூட்டர்களும் ஓடும் உல்லாசத் தலம். அந்த நீர் நானு ஓயாவின் பக்கம் இறங்குகிறது. நானு ஓயா கொத்மலை ஓயாவைச் சேர்கிறது. அது கொத்மலை நீர்த்தேக்கத்தில் தேங்கி, மகாவலியாகித் திருகோணமலைக் கடலை அடைகிறது. மறுபக்கம், காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் நீர் களனி கங்கைக்குப் போகிறது. கொழும்பு குடிப்பது அதைத்தான். மேலே சிந்துவது கீழே வரும்.

இனி எஞ்சினுக்கு வருவோம். மோட்டார் காரை மேடையில் ஏற்றி, அடியிலுள்ள திருகைக் கழற்றினால் பழைய எண்ணெய் வடிந்துவிடும். உள்ளே எஞ்சின் பொருத்திய படகில் அது நடவாது. எண்ணெய்க் கிண்ணம் படகின் அடித்தட்டை ஒட்டிக் கிடக்கும். பாத்திரம் வைக்க இடமிராது. திருகைக் கழற்றினால் எண்ணெய் அடித்தட்டில் கொட்டும். அடுத்த மழையில் அங்கே தேங்கும் நீரை வெளியே இறைக்கும்போது, எண்ணெயும் சேர்ந்து வாவிக்குப் போகும். நீர் ஸ்கூட்டர்களிலும் அடியில் கைபோக வழியில்லை.

இதற்கான பரிகாரம் ஓர் உறிஞ்சு பம்பி. எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு எண்ணெயை இளக்கி, நிறுத்தி, அளவுக்கோல் செருகும் துளைவழியே மெல்லிய குழாயை அடிவரை இறக்கி, பம்பியை அடித்தால் எண்ணெய் மூடிய கலனுக்குள் வந்து சேரும். பிறகு வடிகட்டியை மாற்றிப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். கையால் இயக்கலாம், மின்சாரமும் வேண்டாம்.

"இது வெள்ளைக்காரர் உல்லாசப் படகுக்குரிய ஆடம்பரம்" என்பார் சிலர். படகும் எஞ்சினும் வாங்கப் பணமிருந்தது. பம்பிக்கு மட்டும் வறுமையா?

"ஒரு போத்தல் எண்ணெயில் என்ன வந்துவிடும்?" என்பார் வேறு சிலர். ஒரு தடவை மாற்றும் பழைய எண்ணெய் பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. எஞ்சினில் உழைத்த எண்ணெயில் உலோகத் துகளும் புற்றுநோய்க்குக் காரணமாகும் சேர்மங்களும் கலந்திருக்கும்.

"வீணாக்குவதில்லையே, கறையானுக்குக் கம்பத்தில் பூசுகிறோம்" என்பது மூன்றாவது வாதம். கம்பத்தில் பூசியது மழையில் கரைந்து இறங்குவதும் அதே ஓடைக்குத்தான். பீலிக்கரையில் குடத்தோடு நிற்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் இந்த வாதத்தைச் சொல்லிப் பாருங்கள்.

பழைய ரக இரண்டடி வீச்சு எஞ்சின்களைப் பம்பியாலும் காப்பாற்ற முடியாது. எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே எரிகிறது. எரியாத பங்கு புகையோடு நேரே நீருக்குள் போகிறது. அமெரிக்காவின் தாகோ ஏரியில் காபுரேட்டர் வைத்த இத்தகைய எஞ்சின்களை 1999இலேயே தடைசெய்தார்கள். அங்கும் உல்லாசப் பயணிகள் உண்டு; வருமானமும் உண்டு.

இலங்கையில் சட்டம் இல்லையா? தேசியச் சுற்றுச்சூழல் சட்டம் 1980ஆம் ஆண்டினது. அபாயகரக் கழிவுகளுக்கான அனுமதிப்பத்திர ஒழுங்குவிதிகள் 2008இல் வந்தன. காகிதத்தில் குறைவில்லை. வேண்டியது படகுத் துறையில் மூன்று நிபந்தனைகள்: பம்பியும் மூடிய கலனும் இல்லாத படகுக்கு அனுமதி இல்லை, வாங்கிய எண்ணெய்க்கும் திருப்பிக் கொடுத்த எண்ணெய்க்கும் கணக்கு வேண்டும், பழைய இரண்டடி வீச்சு எஞ்சின்கள் வாவியை விட்டு வெளியேற வேண்டும்.

இந்தச் சுமை நாட்கூலிக்குப் படகோட்டும் இளைஞன் தலையில் விழக்கூடாது. சவாரிக் கட்டணத்தை எண்ணி எடுப்பவரும் அனுமதிப்பத்திரத்தில் கையெழுத்திடுபவருமே பதில் சொல்ல வேண்டியவர்கள். அதுவரை லயத்து மக்களுக்குச் சுகாதாரப் பாடம் நடத்தும் யோக்கியதை மேலே சவாரி செய்பவர்களுக்கு இல்லை.