வரையாடும் பனையும்

"ஆச்சி, நம்ம மாநில விலங்கும் மரமும் எது?" பள்ளிக்கூட நோட்டோடு வந்தாள் பேத்தி. ராயகிரி வீட்டு வாசலிலிருந்தே கை காட்டினேன். மேற்கே தெரிகிற மலைத்தொடரின் பாறை முகடுகள் வரையாட்டுக்கு வீடு. கிழக்கே எங்கள் வரப்பில் பனை.

வரையாடு உலகிலேயே தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டும்தான் உண்டு. 2025 கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் 1,303. பனையோ கோடிக்கணக்கில். "அப்போ பனைக்குக் கவலை இல்லையே!" என்றாள்.

அங்கேதான் ஏமாறுகிறோம், சகோதரிகளே! வரையாட்டுக் குட்டி ஆறு மாதத்தில் பிறந்துவிடும். பனையிலும் ஆண், பெண் உண்டு. ஆனால் பாளை விடும்வரை எது என்று தெரியாது. அதற்கே பத்துப் பதினைந்து வருஷம் ஆகும்.

போன மாதம் சூளைக்கு நாலு பனை கேட்டு ஆள் வந்தார். வீட்டுக்காரர் தலையாட்டப் போனார். "வெட்ட ஒரு மணி நேரம், வளர ஒரு தலைமுறை! கலெக்டர் அனுமதி வேண்டும்னு 2021 பட்ஜெட்டிலேயே சொல்லியாச்சே?" என்றேன். வந்தவர் வெறுங்கையோடு போனார்.

பேத்தி இப்போது வரப்பில் பனங்கொட்டை ஊன்றியிருக்கிறாள். அதன் நுங்கு எனக்கில்லை, அவள் பிள்ளைக்கு!