தட்டைப் பார்த்து வாய் பிளந்தது போதும்

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவையைத் தொடங்கியதிலிருந்து எங்கட வட்டத்தில் ஒரே பேச்சுத்தான். மாசம் எவ்வளவு? தட்டு எவ்வளவு? மலைக்கு நடுவுல கிடக்கிற மடவளையில சிக்னல் சரியா வருமா? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனா கூரையில் அசையாமல் கிடக்கிற தட்டு, 550 கிலோமீற்றர் உயரத்தில், செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிற செய்மதியை எப்படித் துரத்துது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பதில் ஏ.எல். பௌதிகவியல் கொப்பியில் இருக்கு. தட்டுக்குள் சின்னச் சின்ன அன்டனாக்கள் நிறைய. ஒவ்வொன்றின் அலையையும் அளந்து பின்தள்ளினால், வேண்டிய திசையில் மட்டும் எல்லாம் ஒன்றுசேரும். மற்றத் திசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாஸ்ட் பேப்பரில் செய்து தள்ளினோமே, தலையீடு, அதே கணக்கு. அவத்தையைப் பின்தள்ளும் சுற்றுக்குப் பெயர் ஃபேஸ் ஷிஃப்டர். அரை அலைநீள இடைவெளியில் அன்டனாக்களை வைத்து, கற்றையை 30 பாகை சரிக்க, அடுத்தடுத்த அன்டனாக்களுக்கிடையே 90 பாகை அவத்தை வித்தியாசம் வேண்டும். 180 ஐ சைன் 30 ஆல் பெருக்குங்க, முடிஞ்சுது. செய்மதி நகர நகர அந்த எண்ணை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் சுற்று புரோகிராம் பண்ணக்கூடியதாக இருக்கிறது. 6 பிட் என்றால் 64 நிலைகள், ஒரு படி 5.625 பாகை.

"அதெல்லாம் அமெரிக்காக்காரன்ட வேல நானா, எங்களுக்குச் சரிவராது." இந்தப் பேச்சுத்தான் எனக்குக் கோபத்தைக் கிளப்புது. 12 கிகாஹேர்ட்ஸ் சிப்பை இங்கே வார்க்க முடியாது, உண்மை. ஆனா உலகத்தில் சிப் வடிவமைக்கிற எத்தனையோ கம்பனிகளுக்கும் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. வரைவது ஓரிடம், வார்ப்பது வேறிடம்.

சிப்பே வேண்டாம், வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸுக்கு இறங்குவோம். அலைநீளம் 12.5 சென்டிமீற்றர். சாதாரண எஃப்ஆர்-4 பலகையில் 90 பாகை பின்தள்ள ஏறத்தாழ 1.7 சென்டிமீற்றர் கூடுதல் செப்புக்கோடு போதும். 180க்கு அதன் இரட்டை, 45க்குப் பாதி. மூன்றையும் பின் டயோட்டால் மாற்றி மாற்றி இணைத்தால் 3 பிட், 8 நிலைகள். சொல்வதற்கு லேசு; டயோட்டின் இழப்பும் மூலைகளில் வரும் தெறிப்பும் முதல் பலகையைக் கெடுத்தே தீரும். இரண்டாவதும் கெடலாம். அந்தக் கெடுதலைத்தான் எந்த டியூஷன் வகுப்பும் சொல்லித் தருவதில்லை. ஓப்பன்இஎம்எஸ் இலவச மென்பொருள், கணினியிலேயே முதலில் கெடுத்துப் பார்க்கலாம்.

புவிநிலைச் செய்மதித் தொடர்பு பற்றி 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956இலிருந்து இங்கேதான் வாழ்ந்தார் என்று பெருமை பேசுவோம். அவர் எழுதியது அவர் பெருமை, எங்களுக்கு அதில் என்ன பங்கு? 2019இல் விண்ணில் விடப்பட்ட இராவணா-1 ஐச் செய்த இருவரும் இந்நாட்டு எஞ்சினியர்கள்தான், ஆனால் செய்தது ஜப்பானில், கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில். கைக்குப் பஞ்சமில்லை, மேசைக்குத்தான் பஞ்சம்.

மேசை வரட்டும் என்று காத்திருப்பவர்களோடு எனக்கு வாதமில்லை. பேராதனைப் பொறியியல் பீடம் ஒரு பஸ் மாறினால் வரும் தூரம். அங்கே படிக்கிற எங்கட ஊர்ப் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது கலியாண வீட்டில் மட்டும் சந்திக்காமல் ஒரு பலகையை முன்னால் வைத்துச் சந்திக்கலாம். நாலு அன்டனா, நாலு ஃபேஸ் ஷிஃப்டர், ஒரு ஆர்டுயினோ. ரவுட்டரை அறையின் மூலைக்கு மூலை நகர்த்தினால் கற்றை பின்னாலேயே போகுதா என்று பார்ப்போம். சோல்டரிங் அயன் என்னிடம் இருக்கு.