பெயர்ச்சொல்லால் மரை வெட்ட இயலாது

இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969இல் மைசூரில் தொடங்கப்பட்டது. மானசகங்கோத்ரியில் இன்றும் இயங்குகிறது. தேசிய மொழிபெயர்ப்பு இயக்கமும் 2008 முதல் அங்கிருந்தே நடைபெறுகிறது. அதே நகரின் ஹெப்பாள், மேட்டகள்ளி தொழிற்பகுதிகளில் கடைசல் இயந்திரங்கள் நாள்தோறும் மரை வெட்டுகின்றன. இடைப்பட்ட தொலைவு சில கிலோமீட்டர்தான். அதைக் கடக்க மொழியியலார் விரும்பியதற்கான தடயம் மிகக் குறைவு.

கலைச்சொல்லாக்கக் கருத்தரங்குகளில் ஒரே வழக்குத்தான் ஆண்டுதோறும் வாதாடப்படுகிறது: 'லேத்' என்பதா, 'கடைசல் இயந்திரம்' என்பதா? ஒருபுறம் தனித்தமிழார், மறுபுறம் ஒலிபெயர்ப்பார். தொழிற்பயிற்சி நிலையத்தில் மரை வெட்டக் கற்கும் மாணவரை இவ்வழக்கின் தீர்ப்பு தொடுவதே இல்லை. அவர் கெடுக்கும் தண்டு எந்தப் பெயரால் அழைத்தாலும் கெட்டதுதான்.

எம்12 மரைக்குப் புரியிடைத் தூரம் 1.75 மி.மீ.; ஆழம் ஏறத்தாழ 1.07 மி.மீ.; வெட்டுளியின் முனைக்கோணம் 60 பாகை. இவ்வளவையும் அட்டவணை தரும். தொல்லை அதன்பின் வருகிறது. வெட்டுளியின் முனை தண்டின் மைய உயரத்திலிருந்து விலகினால் மரையின் வடிவம் பிழைக்கிறது. வெட்டுளியை நேராக உள்ளே செலுத்தினால் அதன் இரு விளிம்புகளும் ஒருசேர வெட்டுகின்றன. இருபுறமிருந்தும் எழும் சீவல்கள் ஒன்றையொன்று நெரித்து மென்னெஃகின் பரப்பைக் கிழிக்கின்றன. ஆகவேதான் காம்பவுண்ட் ரெஸ்ட்டை 29 அல்லது 29.5 பாகைக்குத் திருப்பி, பெரும்பாலும் ஒரு விளிம்பே வெட்டும்படி செய்கிறார்கள். லீட் ஸ்குரு அங்குலக் கணக்கிலும் மரை மில்லிமீட்டர்க் கணக்கிலும் அமைந்தால் ஹாஃப் நட்டை இடையில் திறக்கலாகாது; ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் வெட்டுளியை வெளியே இழுத்து, இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டியே தொடக்கத்துக்கு வர வேண்டும். திறந்துவிட்டால் அடுத்த வெட்டு பழைய பள்ளத்தில் விழுமென்று நம்ப முடியாது.

இந்தக் கட்டங்களில் ஆசானுக்குத் தேவைப்படுபவை பெரும்பாலும் வினைச்சொற்கள்: கவ்வுகிறது, நழுவுகிறது, உரசுகிறது, அதிர்கிறது, கிழிக்கிறது, பிசிறடிக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு நோயறிதல். 'உரசுகிறது' என்றால் வெட்டுளி மழுங்கியிருக்கலாம், அல்லது மையத்துக்கு மேலே நிற்கலாம். 'அதிர்கிறது' என்றால் தண்டோ வெட்டுளியோ பிடிமானத்துக்கு வெளியே மிகுதியாக நீண்டிருக்கலாம். 'கிழிக்கிறது' என்றால் வெட்டின் ஆழத்தைக் குறைத்து எண்ணெய் விட வேண்டும். கலைச்சொல் தொகுதிகளோ பெரும்பாலும் பெயர்ச்சொற்களின் கிடங்குகள். உறுப்புகளுக்குப் பெயர் இருக்கும், கோளாறுகளுக்கு இராது. புத்தி பிசகியவனை 'மரை கழன்றவன்' என்று ஏசத் தெரிந்த மொழிக்கு, மரை ஏன் பிசிறடிக்கிறது என்று சொல்லத் தெரியாது என எண்ணுவது விந்தை.

பட்டறையில் எல்லாம் ஆங்கிலம்தானே என்பர் சிலர். சக், டூல் போஸ்ட், லீட் ஸ்குரு ஆகியவை ஆங்கிலமே. அதனால் குடி முழுகவில்லை. மொழிகள் பெயர்ச்சொற்களை எளிதில் கடன் வாங்கும், வினைச்சொற்களை அவ்வளவு எளிதில் வாங்கா என்பது மொழியியல் முதலாண்டு மாணவரும் அறிந்த பொதுநெறி. தமிழ் கடன் வினைக்குப் 'பண்ணு' என்னும் துணையைத் தேடுவதே அதற்குச் சான்று. 'கடை' என்ற வினையையே பாருங்கள்: தயிரைக் கடைவதும் அம்பாசமுத்திரத்து மரச்செப்பைக் கடைவதும் இரும்புத் தண்டைக் கடைவதும் ஒரே சொல்லால் நடக்கின்றன. புதிய இயந்திரம் வந்தபோது புதிய வினையைத் தேடி எவரும் குழு அமைக்கவில்லை.

மற்றொரு சாக்கு இன்னும் நாகரிகமானது. கைத்திறன் சொல்லுக்குள் அடங்காது என்று மைக்கேல் பொலானியை மேற்கோள் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவது. கைக்குத் தெரிவது அனைத்தும் வாய்க்கு வராது என்பது மெய்தான். ஆனால் ஓசை மாறும் நொடியில் ஆசான் ஏதோ சொல்கிறார். மாணவரின் கை உடனே நிற்கிறது. அந்தச் சொல்லைப் பதிவு செய்யாமலே அது சொல்லில் அடங்காதது என்று தீர்ப்பளிக்க எவருக்கும் உரிமையில்லை.

மைசூரிலிருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்ற 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அக்கோரிக்கைக்காகத் தமிழ்க் கல்வியுலகம் குரல் எழுப்பியது நியாயமே. பட்டறை வழக்குக்கு அப்படி வழக்குத் தொடுப்பார் இல்லை. சிஎன்சி இயந்திரத்தில் ஜி76 என்ற ஒரே கட்டளைச் சுழற்சி மரை முழுவதையும் வெட்டி முடித்துவிடுகிறது. 'கவ்வுகிறது', 'உரசுகிறது' என்று அருகில் நின்று சொல்ல வேண்டிய தேவை அங்கே சுருங்குகிறது. கையால் மரை வெட்டிய தலைமுறை ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறது.

உறவுமுறைச் சொற்கள் குறித்து இன்னோர் ஆய்வேடு வருவதால் நட்டமில்லை. அதற்கு ஒதுக்கும் மூன்றாண்டில் ஒரு பங்கையாவது ஒரு கடைசல் பட்டறைக்குக் கொடுக்கலாம்: ஒலிப்பதிவுக் கருவி ஒன்று, எண்ணெய்க் கறை பட்டாலும் கவலையில்லாத சட்டை இரண்டு, மாணவர்கள் கெடுத்த தண்டுகளை எடுத்துவைக்க ஒரு பெட்டி. நிதி இல்லை என்ற வழக்கமான விடை இந்தப் பட்டியலுக்குப் பொருந்தாது.