கலிங்கு இல்லாத தொட்டி

பென்ஷன், முழங்கால் வலி, பழைய புதுச்சேரி என்று எழுதிக்கொண்டிருந்தவன் இன்று மீன் தொட்டியைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். இது ஒரு சண்டை. என் மகனோடு எட்டு மாதமாகத் தொலைபேசியில் நடக்கும் சண்டை. அவன் பக்கம் கடைக்காரர்களும் நண்பர்களும் நிறையப் பேர். என் பக்கம் நான் ஒருவன்தான். நம்மில் பலருக்குப் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள், அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். ஆகவே இது உங்களுக்கும் பயன்படும்.

மகன் பாரீஸ் புறநகரில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறான். கூடத்தில் கடல் நீர்த் தொட்டி வைத்திருக்கிறான். நீளம் 120 சென்டிமீட்டர், அகலம் 60, உயரம் 55. உள்ளே பாறை, பவளம், சின்னச் சின்ன மீன். அழகை நான் மறுக்கவில்லை. போன குளிர்காலத்தில் அங்கே போயிருந்தபோது தினமும் ஒரு மணி நேரம் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

அமைப்பு நமக்குப் புதிது அல்ல. மாடியில் ஓவர்ஹெட் டேங்க், கீழே சம்ப், நடுவில் மோட்டார். அவ்வளவுதான். மேலே கண்ணாடித் தொட்டி, அலமாரிக்குள் இன்னொரு தொட்டி. மேல் தொட்டியில் தண்ணீர் ஒரு மட்டத்துக்கு மேல் வந்ததும் வழிந்து குழாய் வழியாகக் கீழே இறங்கும். கீழே அழுக்கு நீங்கி, சூடாகி, மோட்டார் வழியாக மறுபடி மேலே போகும். வித்தியாசம் என்னவென்றால் நம் வீட்டு மோட்டார் அரை மணி ஓடும், அது இரவும் பகலும் ஓடும். மேல் மட்டத்தில் எண்ணெய்ப் படலம் போலச் சேரும் அழுக்கை வழிந்தோடும் நீர்தான் இழுத்துக்கொண்டு போகிறது. எனவே வழிவு இல்லாமல் அந்தத் தொட்டி இல்லை.

பொதுப்பணித் துறையில் ஏரிகள் சம்பந்தமான கோப்புகளைப் பல வருஷம் பார்த்தவன் நான். ஊசுட்டேரி, பாகூர் ஏரி என்று எத்தனை மதிப்பீடுகளை நகல் எடுத்திருக்கிறேன்! அந்தக் கோப்புகளில் அடிக்கடி வரும் சொல் கலிங்கு. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியே போகும் கல்கட்டு. பிரெஞ்சில் இதற்கு ‘த்ரோ-பிளான்’ என்பார்கள், அளவுக்கு மேல் நிறைந்தது என்று பொருள். எங்கள் பழைய பொறியாளர் ஒருவர் சொல்வார்: “மதகு கெட்டால் ஒரு போகம் போகும். கலிங்கு கெட்டால் கரையே போகும்.” கலிங்கின் மேல் பலகை வைத்து அடைத்து இன்னும் ஓர் அடி தண்ணீர் தேக்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. பத்து வருஷம் ஒன்றும் ஆகாது. பதினோராம் வருஷ மழைக்குப் பலகை தெரியாது.

மகன் தொட்டியில் இருந்தது ஒரே ஒரு இறங்கு குழாய். இரண்டாவது குழாய் பார்க்க அசிங்கம் என்று கடையில் சொன்னார்களாம். திரும்பி வரும் குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே 12 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தது, பவளங்களுக்கு நல்ல ஓட்டம் கிடைக்கட்டும் என்று. நான் பார்த்தவுடன் கேட்டேன், “மோட்டார் நின்னா இந்தக் குழாய் வழியா மேல இருக்கிற தண்ணி கீழ இறங்கிடுமே?”

“நான் ரிட்டர்ன் வால்வு இருக்கு அப்பா. தண்ணி ஒரு பக்கம்தான் போகும்.”

“அது வேலை செய்யலன்னா?”

“இங்க கரண்ட்டே போகாது அப்பா. நம்ம ஊர் மாதிரி இல்ல.”

நான் பேசாமல் இருந்துவிட்டேன். விருந்துக்குப் போன இடம், மருமகளும் பக்கத்தில் நின்றாள். அந்த மௌனத்துக்காக இன்றும் என்னை நொந்துகொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் ‘வாஸ் கொம்யுனிகான்’ என்று இணைந்த பாத்திரங்களின் பாடத்தைப் பிரெஞ்சில் மனப்பாடம் செய்தவன், அதை வாத்தியாரிடம் ஒப்பித்ததோடு மறந்துவிட்டானா என்ன?

மூன்றாம் வாரம் ஒரு விடியற்காலை. தெருவில் கரண்ட் இருந்தது. வீட்டில் மட்டும் இல்லை. தொட்டியின் ஹீட்டரில் கசிவு ஏற்பட்டு மெயின் தானாக விழுந்துவிட்டது. மோட்டார் நின்றது. வால்வின் நாக்கு மூடவில்லை. பிறகு கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்புப் பொருக்கும் ஒரு மிளகு அளவு நத்தையும் இருந்தன. திரும்பும் குழாய் சைஃபனாக மாறி மேல் தொட்டியின் தண்ணீரை உறிஞ்சிக் கீழே கொட்டிக்கொண்டே இருந்தது.

கணக்கைப் பாருங்கள். 120க்கு 60 என்ற தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்றால் 7.2 லிட்டர். 12 சென்டிமீட்டருக்கு 86 லிட்டர். பாறை பிடித்த இடம் போக 80 என்று வைத்துக்கொள்வோம். கீழ்த் தொட்டியில் காலி இடம் 30 லிட்டர்தான். மீதி 50 லிட்டர் உப்புத் தண்ணீர் மரத்தரையில் இறங்கி, இடுக்கு வழியாகக் கீழ் வீட்டுக் கூரைக்குப் போயிற்று. ஆறு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். கீழ் வீட்டு மதாம், என்னைவிட மூத்தவர், இரவு உடையில் கையில் பிளாஸ்டிக் வாளியோடு நின்றார். கோபப்படவில்லை. “முசியே, என் கட்டில்மேல் சொட்டுகிறது” என்றார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

தண்ணீர்ச் சேதத்துக்குப் பிரான்சில் ‘தெகா தெஸோ’ என்று ஒரு படிவம் உண்டு. இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து நிரப்பி, ஐந்து வேலை நாளுக்குள் இன்சூரன்சுக்குச் சொல்ல வேண்டும். குமாஸ்தா கை சும்மா இருக்குமா? நான்தான் நிரப்பினேன். காரணம் எழுத வேண்டிய இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. மெயின் விழுந்தது என்று எழுதலாம். வால்வு பழுது என்றும் எழுதலாம். இரண்டும் பொய் அல்ல. ஆனால் உண்மையான காரணம், தண்ணீர் மேலிருந்து கீழே வரும் என்பதை இந்த வீட்டில் எல்லோரும் அறிந்திருந்தும் அதற்கு இடம் ஒதுக்கவில்லை என்பதே.

இப்போது சண்டைக்கு வருகிறேன். பழைய தொட்டியை மாற்றப் போகிறான். “இந்தத் தடவை ரெண்டு வால்வு போடறேன் அப்பா” என்கிறான். இதைத்தான் எதிர்க்கிறேன்.

நம் கிணற்று மோட்டார் ஃபுட் வால்வை நினைத்துப் பாருங்கள். ஒரு மணல் மாட்டினால் போதும், காலையில் குடம் குடமாகப் பிரைமிங் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான். நல்ல தண்ணீரிலேயே அப்படி என்றால், சுண்ணாம்பு படிவதற்கென்றே பராமரிக்கும் கடல் நீரில் என்ன கதி? பவளம் வளரச் சுண்ணாம்பு வேண்டும். அதே சுண்ணாம்பு வால்விலும் படியும். ஒன்று கெடும் இடத்தில் இரண்டும் கெடும். வால்வு வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும், ஆனால் அது இல்லை என்று நினைத்துக் கணக்குப் போடட்டும். திரும்பும் குழாயின் வாயை மட்டத்துக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டரில் வைத்தால் இறங்குவது 15 லிட்டருக்குள். காற்று புகுந்ததும் சைஃபன் தானே அறுந்துவிடும். குழாய்களில் நிற்கும் நீரையும் சேர்த்து, அந்த அளவுக்கு இரண்டு மடங்கு காலி இடத்தைக் கீழ்த் தொட்டியில் விட்டால் கவலையில்லாமல் தூங்கலாம். சிறு துளை போட்டுக் காற்று விடுவதும் உண்டு. அந்தத் துளையை மாதம் ஒருமுறை குத்திச் சுத்தம் செய்யாவிட்டால் அதுவும் அடைந்துபோகும்.

அடுத்தது இறங்கு குழாய். கண்ணாடியில் ஓட்டை போடப் பயந்து, விளிம்பின்மேல் தொங்கும் பெட்டியை வளைகுழாயோடு மாட்டுகிறார்கள். அது சைஃபனை நம்பி நிற்பது. வளைவில் காற்றுக் குமிழிகள் சேர்ந்து ஒரு நாள் சைஃபன் அறும். இறங்குவது நிற்கும், மோட்டார் மட்டும் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். புதுத் தொட்டி வாங்குபவர் ஓட்டை போட்டதையே வாங்க வேண்டும். வாங்கிய பிறகு போடுவதானால் அது டெம்பர்டு கண்ணாடியா என்று முதலில் கேட்க வேண்டும். அந்தக் கண்ணாடியில் துளையிட்டால் மொத்தமும் பொடிப்பொடியாக உதிரும்.

ஓட்டை எத்தனை? ஒன்று என்றால் கலிங்கே இல்லை என்று அர்த்தம். இரண்டு என்றால் ஒன்று முழுக்க நீர் நிறைந்து சத்தமில்லாமல் ஓடும், அதன் வேகத்தைக் கேட் வால்வால் திருத்த வேண்டும். இரண்டாவது சற்று உயரத்தில் சும்மா நிற்கும், ஆபத்துக்கு. மூன்று என்றால் நடுவில் இன்னொன்று. அது காற்றும் நீருமாகக் கொஞ்சமாக ஓடி, மட்டம் ஏறி இறங்குவதைத் தானே சமாளிக்கும். முதல் குழாய் அடைத்தால் மட்டம் உயர்ந்து, நடுக் குழாயின் காற்று வழியை மூடும். உடனே அதுவும் முழு வேகத்தில் இழுக்கும். இதை யோசித்தவருக்கு என் வணக்கம். ஆனால் ஒரு நிபந்தனை. ஆபத்துக் குழாய்க்கு வால்வு கூடாது. அது ஒன்றே மோட்டாரின் முழு நீரையும் தாங்க வேண்டும். மெல்லிய குழாயை வைத்துவிட்டு ஆபத்துக்கு என்று சொல்வது, கலிங்கு இருக்கிறது என்று கோப்பில் மட்டும் எழுதுவதைப் போன்றது.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். பெரிய மோட்டார் போட்டால் ஆறு மாதிரி ஓடும், பவளத்துக்கு நல்லது என்று நான்தான் மகனைத் தூண்டினேன். அது அறியாமை. கீழ்த் தொட்டி வழியாக மணிக்கு மூன்று முதல் ஐந்து சுற்று போதும் என்கிறார்கள். 400 லிட்டர் தொட்டிக்கு 1,200 முதல் 2,000 லிட்டர். பவளத்துக்கு வேண்டிய ஓட்டத்தைத் தொட்டிக்குள் வைக்கும் சிறு விசிறி மோட்டார்கள் கொடுக்கும். திரும்பும் குழாயிடம் அந்த வேலையைக் கேட்டதால்தான் அதன் வாய் 12 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போயிற்று.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. எல்லா இறங்கு குழாயும் அடைத்தாலும் மேல் தொட்டி வழியாதபடி மோட்டார் அறையைச் சிறிதாக வைக்கலாம். மேல் விளிம்பில் நான்கு சென்டிமீட்டர் காலி இருந்தால் அது 28 லிட்டர் பிடிக்கும். மோட்டார் அறையில் 20 லிட்டர்தான் இருந்தால் அதை ஏற்றிவிட்டு மோட்டார் வறண்டு போகும். மோட்டார் கெடலாம், தரை கெடாது. ஆவியான நீரை ஈடு செய்யத் தானாக நல்ல தண்ணீர் ஊற்றும் கருவி வைத்திருந்தால் அதன் குடத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அறை வறண்டதும் அது விடாமல் ஊற்றும்.

“இவ்வளவும் செஞ்சா தொட்டி ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் அப்பா” என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அழகுக்காகத்தானே தொட்டி? குழாய்களைப் பின்பக்கம் கறுப்புக் கண்ணாடிக்குள் மறைக்கட்டும், நான் தடுக்கவில்லை. கீழே தூங்கும் கிழவியின் கட்டிலை அழகுக் கணக்கில் சேர்க்காதே என்கிறேன், அவ்வளவே.

நம் ஊரில் இதை யாரும் முயல வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2001 முதல் கல் பவளங்கள் நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடற்கரையில் கிடக்கும் துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஆனால் நன்னீர் மீன் தொட்டிக்குக் கீழ்த் தொட்டி வைத்திருக்கும் பேரப்பிள்ளை இருந்தால், மேலே சொன்ன கணக்கு அங்கும் அப்படியே பொருந்தும். இன்று மாலையே மோட்டார் சுவிட்சை நிறுத்திவிட்டு, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு முதல் குழாயைத் துணியால் அடைத்து ஓடவிட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். பகலில், விழித்திருக்கும்போது, ஒரு தடவை இதைச் செய்து பார்க்காத தொட்டியை நம்பாதீர்கள்.

போன ஞாயிறு பேசும்போது மகன் இரண்டு குழாய்க்கு ஒத்துக்கொண்டான். திரும்பும் குழாயின் வாயையும் மேலே ஏற்றுகிறானாம். மூன்றாவது குழாய்க்கு இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன். கீழ் வீட்டு மதாம் கூரைக்கு வெள்ளை அடித்தாயிற்று என்று சொன்னான். அவர் என்னை விசாரித்தாராம். படிவத்தில் என் கையெழுத்து நன்றாக இருந்தது என்றாராம்.