கழுத்துக்குள் ஓர் எழுத்தாணி

"ஏட்டி, படுத்தா காதுக்குள்ள ஆறு ஓடுத மாதிரி சத்தம் கேக்கு. நெஞ்சு துடிக்குத தாளத்துக்கே கேக்கு."

முக்கூடல் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் சித்தி போனில் இதைச் சொன்னது நான்கு வருஷத்துக்கு முன்பு. தாமிரபரணிக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். எதைச் சொன்னாலும் ஆற்றை இழுக்காமல் பேச்சு வராது. "மோட்டார் போடாமலே தண்ணி வருதுன்னு சந்தோஷப்படுங்க சித்தி" என்று சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

ஏனென்றால், அந்த ஒரு வாக்கியத்துக்குள் நோயின் பாதி விவரம் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வருஷம் ஆனது.

பீடித் தட்டும் தலைவலியும்

சித்தி பீடி சுற்றுகிறவர். காலையில் தட்டை மடியில் வைத்தால் சாயங்காலம் வரை குனிந்த தலை நிமிராது. ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றிக்கொண்டிருந்தவர், மெதுவாக அறுநூறுக்கு வந்தார், பிறகு நானூறு. தலை முழுக்க ஒரு கனம், பின்கழுத்தில் வலி, ராத்திரி படுத்தால் இன்னும் மோசம். குனிந்து நிமிர்ந்தால் ஒரு நொடி கண் இருட்டிக்கொண்டு வரும்.

முதலில் நீர்க்கோவை என்றார்கள். ஆவி பிடித்தார். பிறகு கண்ணாடியை மாற்றினார்கள். பிறகு பி.பி., தைராய்டு, ரத்தசோகை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். 'சுகர் இல்ல, பிரஷர் இல்ல, அப்புறம் என்னதான் இருக்கு?' என்று வீட்டில் பேச்சு எழுந்தது. 45 வயதுப் பெண் இப்படிச் சொன்னால் நம் ஊரில் கடைசியாக ஒரு பதில் தயாராக இருக்கும்: 'மாதவிடாய் நிற்கிற வயசு, மனசு சரியில்ல'. தூக்க மாத்திரை வந்தது. சித்தி அதையும் சாப்பிட்டார். காதுக்குள் ஆறு ஓடிக்கொண்டேதான் இருந்தது.

திருப்பம் வந்தது ஒரு கண் டாக்டரிடம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, விழித்திரையின் பின்பக்கத்தைப் பார்த்தவர், கண் நரம்பு தொடங்கும் இடம் வீங்கியிருக்கிறது என்றார். மண்டை ஓட்டுக்குள் அழுத்தம் கூடினால் வருகிற வீக்கம் அது. "கண்ணுல கோளாறு இல்லம்மா, தலைக்குள்ள எங்கயோ வடிகால் அடைச்சிருக்கு. உடனே நரம்பியல் டாக்டரைப் பாருங்க" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

வடிகால் அடைத்தால்...

மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் முக்கால் லிட்டர் ரத்தம் ஏறுகிறது. ஏறியதெல்லாம் இறங்கியாக வேண்டும். அப்படி இறக்கிவிடும் முக்கிய வாய்க்கால்கள், கழுத்தின் இரண்டு பக்கமும் இருக்கும் ஜுகுலர் சிரைகள். வயல் வேலை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மழை அளவாகப் பெய்தாலும் கீழே வடிகால் அடைத்துக்கொண்டால் மேல் வயலில் தண்ணீர் நிற்கும். தலைக்குள்ளும் அதேதான். ரத்தம் தேங்குகிறது, மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் கூடுகிறது, கண் நரம்பு வீங்குகிறது. குறுகிய இடத்தில் ரத்தம் பீறிட்டு ஓடும் சத்தம் காதில் கேட்கிறது.

படுத்தால் ஏன் அதிகம்? நாம் நிற்கும்போதும் உட்காரும்போதும் ஜுகுலர் சிரைகள் பெருமளவு சுருங்கிக்கொள்ளும். முதுகெலும்பை ஒட்டிய சிறு சிரைகள் வழியாக ரத்தம் இறங்கும். படுக்கும்போதுதான் ஜுகுலருக்கு முழு வேலை. அப்போது அது அடைபட்டிருந்தால் அவஸ்தை கூடும்.

சித்திக்கு மூளை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கட்டி இல்லை. மண்டைக்குள் இருக்கும் சிரைகளில் ரத்தக்கட்டு இல்லை. அத்தோடு விட்டிருந்தால் 'காரணம் தெரியாத அழுத்தம்' என்று எழுதி முடித்திருப்பார்கள். அந்த நரம்பியல் டாக்டர் ஒன்று கேட்டார்: "சத்தம் இதயத் துடிப்போட சேர்ந்து கேக்குதா, சும்மா ஙொய்னு கேக்குதா?" துடிப்போடு என்றார் சித்தி. டாக்டர் கழுத்தின் இடது ஓரத்தில் விரலை லேசாக வைத்தார். சத்தம் நின்றுவிட்டது. சிரையிலிருந்து வரும் சத்தத்துக்கு அது ஓர் அடையாளம். (நீங்களாக வீட்டில் கழுத்தை அழுத்திப் பார்க்காதீர்கள். அதே இடத்தில்தான் மூளைக்குப் போகும் தமனியும் இருக்கிறது.)

அடுத்து, கழுத்துக்குச் சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. வீனோகிராம். அதில் தெரிந்தது, ஊசிபோல் நீண்ட ஓர் எலும்பு.

1937-ல் ஒரு டாக்டர் பார்த்தது

காதுக்குக் கீழே, மண்டை ஓட்டின் அடியிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு மெல்லிய எலும்பு முனை தொங்குகிறது. அதன் ஆங்கிலப் பெயர் ஸ்டைலாய்ட். எழுதும் ஆணியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம் ஊர்ச் சொல்லில் எழுத்தாணி. ஓலைச்சுவடியில் எழுதிய அதே கருவிதான். சாதாரணமாக இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் வரை இருக்கும். சிலருக்கு அது இன்னும் நீளமாக வளர்கிறது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் காது மூக்கு தொண்டை நிபுணராக இருந்த வாட் ஈகிள், 1937-ல் இதை விவரித்தார். அதனால் 'ஈகிள் நோய்க்குறி' என்று பெயர். அவர் சொன்னது பெரும்பாலும் தொண்டை வலி, விழுங்கும்போது ஏதோ குத்துவது, காது வரை பாயும் வலி. அதே எலும்பு, கழுத்தின் முதல் எலும்பான அட்லஸோடு சேர்ந்து நடுவில் போகும் ஜுகுலர் சிரையை நசுக்கவும் செய்யும் என்பது டாக்டர்களிடையே பரவலாகப் பேசப்படுவது சமீப காலத்தில்தான். இரண்டு எலும்புக்கு நடுவே மாட்டிய ரப்பர் குழாய்போல. தலையைத் திருப்பினால், குனிந்தால் சிலருக்கு இடுக்கு இன்னும் குறுகும். நாள் முழுக்கக் குனிந்த தலை யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

"பீடி சுத்துனதாலயா வந்துச்சு?" என்று கேட்டோம். "எலும்பு அதனால வளரல. ஆனா குனிஞ்சா உங்களுக்குக் கூடுது, அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

படம் மட்டும் போதாது

இங்கேதான் நாங்கள் பெரிய தப்பு செய்யப் பார்த்தோம். காரணம் தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் ஓர் இடத்தில் விசாரித்தோம். ஸ்கேனைப் பார்த்த கையோடு, "ஒரு ஸ்டென்ட் வச்சிடலாம்" என்று சில லட்சங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். சித்தப்பா அன்று மாலையே நகைக்கடை வாசலில் நின்றார்.

தடுத்தது நரம்பியல் டாக்டர்தான். அவர் சொன்ன இரண்டு விஷயங்களை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்று, எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கும் ஸ்கேன் எடுத்தால் அந்த இடத்தில் சிரை குறுகலாகத் தெரியும். எழுத்தாணி எலும்பு நீளமாக இருப்பவர்களிலும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க ஒரு தொல்லையும் வராது. ஆகவே படம் மட்டும் போதாது. தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இடுக்குக்கு மேலேயும் கீழேயும் அழுத்தத்தை அளக்க வேண்டும். இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருந்தால்தான் அடைப்பு நிஜமாகவே வேலையைக் கெடுக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு, வெளியிலிருந்து எலும்பு நெரிக்கும்போது உள்ளே ஸ்டென்ட் வைத்தால், அந்த எலும்பு ஸ்டென்டையும் நெரித்துவிடலாம். முதலில் எலும்பை எடுக்க வேண்டும். தேவைப்பட்டால்தான் பிறகு ஸ்டென்ட்.

கழுத்துச் சிரை விஷயத்தில் உலகம் ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டிருக்கிறது. இத்தாலியின் பாவ்லோ சாம்போனி என்ற டாக்டர், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்குக் கழுத்துச் சிரைகளின் குறுகல்தான் காரணம் என்று 2009-ல் அறிவித்தார். பலூன் வைத்து விரித்தால் சரியாகும் என்ற நம்பிக்கை தீயாகப் பரவியது. கனடாவிலிருந்து நோயாளிகள் பணம் கட்டி வெளிநாடுகளுக்குப் பறந்தார்கள். இந்தியாவுக்கும் வந்தார்கள். கடைசியில் 2017-ல் கனடாவில் முடிந்த சோதனையில், பலூன் வைத்தவர்களுக்கும் வைத்ததுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. அதே ஆண்டில் சாம்போனி நடத்திய சோதனையும் பலனில்லை என்றே சொன்னது. சித்தியின் நோய் வேறு, அந்த நோய் வேறு. ஆனால் பாடம் ஒன்றுதான்: படத்தில் குறுகலாகத் தெரிந்ததாலேயே நோய்க்கு அதுதான் காரணம் ஆகிவிடாது.

மரத்துப்போன விரல்கள்

அழுத்தத்தை அளந்தார்கள். இடுக்குக்கு மேலே தெளிவாகக் கூடுதல். ஆனாலும் உடனே கத்தியை எடுக்கவில்லை. மூளையைச் சுற்றியுள்ள நீரைக் குறைக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். கண் வீக்கம் குறைந்தது. ஆனால் அந்த மாத்திரையின் பக்கவிளைவாக விரல் நுனியெல்லாம் ஊசி குத்துவதுபோல் மதமதத்தது. எல்லோருக்கும் இது சின்னத் தொந்தரவு. பீடி இலையைச் சுருட்டி நூல் கட்டுகிறவருக்கு விரல்தான் சம்பளம். தங்கச்சி அப்போது காலேஜ் இரண்டாம் வருஷம்.

அறுவை சிகிச்சை டாக்டர் எதையும் மறைக்கவில்லை. கழுத்தைத் திறந்து எழுத்தாணி எலும்பையும், அட்லஸ் எலும்பின் ஓரத்தையும் எடுப்பார்கள். பக்கத்திலேயே முகம், நாக்கு, குரல், விழுங்குதல், தோள் எல்லாவற்றுக்குமான நரம்புகள் ஓடுகின்றன. வாய் கோணலாம், குரல் மாறலாம். எலும்பை எடுத்த பிறகும் சிரை விரியாமல் போகலாம். எல்லாம் சரியாக நடந்தும் தலைவலி போகாமல் இருக்கலாம்.

சித்தப்பா வேண்டாம் என்றார். சித்தி என்னிடம், "டாக்டரு பயமுறுத்துதாவன்னு உங்க சித்தப்பா சொல்லுதாவ. எனக்கு அப்படித் தோணல. இத்தன வருஷத்துல என்கிட்ட உள்ளத உள்ளபடி சொன்ன மொத ஆளு அவியதான்" என்றார். கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. முதல் ஆறு வாரம் உதட்டின் இடது ஓரம் கொஞ்சம் இழுத்திருந்தது, பிறகு சரியானது. தலைக் கனம் முக்கால்வாசி போய்விட்டது. கண் பரிசோதனைக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கிறார். வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியது

தலைவலி என்றாலே இந்த நோய் என்று நினைக்காதீர்கள். இது அபூர்வம். ஆனால் படுத்தால் கூடும் தலைவலி, இதயத் துடிப்போடு காதில் கேட்கும் சத்தம், நொடி நேரம் இருட்டும் பார்வை — இவை சேர்ந்து வந்தால் முதலில் சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பின்புறத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். செலவு குறைவு, விடை பெரிது.

திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வலிப்பு, கை கால் செயலிழப்பு, பார்வை மங்குவது என்றால் காத்திருக்கவே கூடாது, 108-ஐ அழையுங்கள். குறிப்பாகப் பிரசவமான சில வாரங்களில் வரும் கடும் தலைவலி, மூளைச் சிரையில் ரத்தக்கட்டாக இருக்கலாம்.

நெல்லைக்காரர்கள் எடுத்த எடுப்பில் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ ரயில் ஏற வேண்டியதில்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழி இருக்கிறது. உங்கள் சிகிச்சை பட்டியலில் வருகிறதா என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுங்கள். ஸ்கேன் அறிக்கையோடு சி.டி. வட்டையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த டாக்டர் பார்க்க விரும்புவது படத்தைத்தான். எப்போது வலிக்கிறது, எப்படிப் படுத்தால் குறைகிறது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

முக்கியமாக, வீட்டில் யாராவது வினோதமாக எதையாவது சொன்னால் சிரிக்காமல் கேளுங்கள். போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். "சத்தம் இப்ப எப்படி இருக்கு சித்தி?" என்றேன்.

பீடித் தட்டை உயரமான ஸ்டூலில் வைத்து, தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "முழுசா நிக்கலட்டி. கோடையில ஆறு ஓடுத மாதிரி இருந்தும் இல்லாமயும் இருக்கு. அதுபாட்டுக்கு ஓடட்டும். நா தூங்குதேன்."