வேலூருக்கு வர்றீங்களா? ஹோட்டல் தேடாதீங்க, அடுப்பு தேடுங்க

சென்னையிலிருந்தும் பெங்களூர்லிருந்தும் போன் பண்ற நண்பர்கள் அடிக்கடி கேக்குற கேள்வி இது. "அப்பாவை சி.எம்.சி.க்குக் கூட்டிட்டு வர்றோம், பக்கத்துல நல்ல ஹோட்டல் எது?" எத்தனை நாளைக்குன்னு திருப்பிக் கேப்பேன். "ரெண்டு மூணு நாள்தான்"ம்பாங்க.

ரெண்டு மூணு நாள்னு வந்து, சொன்னபடி ரெண்டு மூணு நாள்ல ஊர் திரும்பினவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். முதல் நாள் டாக்டரைப் பாக்கணும். மறுநாள் ரத்தம் குடுக்கணும். ஸ்கேனுக்குத் தேதி தருவாங்க. ரிப்போர்ட் வந்ததும் இன்னொரு துறைக்கு அனுப்புவாங்க, அங்க இன்னொரு தேதி. நடுவுல ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துடும். ஆபரேஷன்னு முடிவாயிட்டா கணக்கே வேற.

அதனால நான் சொல்றது இதுதான். ஒரு ராத்திரி வேலைன்னா ஹோட்டல்ல தங்குங்க, தப்பே இல்ல. நாலு நாளுக்கு மேல போகும்னு தோணுச்சுன்னா அடுப்பு உள்ள ரூமா பாருங்க. உங்க ஊர்ல இதையே கொஞ்சம் மினுக்கி, சோபா போட்டு, 'சர்வீஸ் அப்பார்ட்மென்ட்'னு விக்கிறாங்க. அந்தப் பேரு நம்ம காதுல விழறதுக்கு ரொம்ப முன்னாடியே வேலூர்ல அந்தத் தொழில் நடந்துக்கிட்டுதான் இருக்கு. யாரும் அதுக்குப் பேரு வைக்கல, அவ்வளவுதான்.

காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, சைதாப்பேட்டைப் பக்கம் நடந்து பாருங்க. போர்டெல்லாம் தமிழ்ல பாதி, வங்காளத்துல பாதி. மருந்துக்கடை, செல்போன் கடை, டிக்கெட் எடுத்துக் குடுக்கிற கடைன்னு எல்லாத்துலயும் வங்காள எழுத்து. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, அப்புறம் பங்களாதேஷ்னு அங்கிருந்தெல்லாம் ரயில் ஏறி காட்பாடியில இறங்குற ஜனம். ஐடா ஸ்கடர் அம்மா 1900ல ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்ச வைத்தியம் இது. 1971ல இங்க சிறுநீரக மாற்று அறுவை பண்ணாங்க, 1986ல எலும்பு மஜ்ஜை மாற்றம் ஆரம்பிச்சாங்க. அந்த மாதிரி வைத்தியத்துக்கு வர்றவங்க வாரக்கணக்குல இல்ல, மாசக்கணக்குல தங்கணும். மஜ்ஜை மாத்தினவங்களை நூறு நாள் அளவுக்கு ஆஸ்பத்திரிக்குக் கிட்டவே இருக்கச் சொல்றது வழக்கம். வெளிச்சாப்பாடு கூடவே கூடாது, அப்பப்போ சூடா சமைச்சதைத்தான் குடுக்கணும்னு சொல்லித்தான் அனுப்புறாங்க. நூறு நாள் எந்த ஹோட்டல்ல தங்குவீங்க? தங்குற வசதி இருந்தாலும், ரசம் சாதத்துல உப்பைக் குறைச்சுப் போடுன்னு எந்த சர்வர் கிட்ட தினம் சொல்லுவீங்க?

ரூம் எப்படி இருக்கும்னு சொல்லிடறேன். ரெண்டு கட்டில், ஒரு ஃபேன், ஒட்டின மாதிரி பாத்ரூம். ஒரு மூலையில கடப்பா கல்லு மேடை, அதுல ஒத்தை அடுப்பு. சில இடத்துல கேஸ் வாடகைக்கே சேரும், சில இடத்துல தனிக்காசு. பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். குடிக்க இருபது லிட்டர் கேன் மாடிக்கே வரும். ஆதார் நகல் கேப்பாங்க, முன்பணம் கேப்பாங்க. வார்டுல நோயாளி கூட பொதுவா ஒருத்தர்தான் இருக்க முடியும், மத்தவங்க இந்த ரூம்ல சமைச்சு தூக்குல எடுத்துட்டுப் போவாங்க. சாயங்காலம் அந்தத் தெருக்கள்ல நடந்தா ஒவ்வொரு மாடியிலிருந்தும் கடுகெண்ணெய் காயுற வாசனை வரும். முதல்ல மூக்கைச் சுளிப்போம், அப்புறம் பழகிடும்.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல. அந்தக் காலத்துல சத்திரத்துல சமைச்ச சாப்பாடும் போடுவாங்க, வேண்டாதவங்களுக்கு அரிசி, பருப்பு, விறகுன்னு உலுப்பையும் குடுப்பாங்க. நீயே உன் வயித்துக்கு ஏத்த மாதிரி பொங்கிக்கோன்னு அர்த்தம். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் பாருங்க. ஷூவும் தோலும் வாங்க வெளிநாட்டுலயிருந்து வர்றவங்க ஃபேக்டரி கெஸ்ட் ஹவுஸ்லயே தங்கிடுவாங்க, அங்க சமையல்காரர் இருப்பார். நாலு நாள் ஆம்பூர் பிரியாணி தின்னா அவங்க வயிறு தாங்காதுன்னு முதலாளிக்குத் தெரியும். வியாபாரத்துக்கு வர்ற வெள்ளைக்காரருக்குப் புரிஞ்ச விஷயம் வைத்தியத்துக்கு வர்ற நமக்கும் புரியணும் இல்லையா? வெளியூர்ல ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கிறது கட்டிலால இல்ல, சாப்பாட்டால.

விவசாயிக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. இருக்கு. நான் கத்திரிக்காய் போடுறவன். எங்க அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்னா பேரு, 2023ல புவிசார் குறியீடு கூட வாங்கிடுச்சு. ஹோட்டல்காரர் காய் வாங்குறது மண்டியில. அங்க தரகு போக, கழிவு போக எங்க கைக்கு வர்றது என்னன்னு இந்த வலைப்பூவில நிறைய தடவை புலம்பியாச்சு. ரூம்ல தங்குறவங்க அப்படியில்ல. அவங்ககிட்ட ஃபிரிட்ஜ் கிடையாது. அதனால தினமும் கால் கிலோ, அரைக் கிலோன்னு கையால பொறுக்கி வாங்குவாங்க. வண்டிக்காரர், கூடைக்காரம்மா, டோல்கேட் உழவர் சந்தைன்னு அந்தக் காசு சின்னச் சின்னதா பல கைக்குப் போகுது. உழவர் சந்தையில மண்டி விலையை விடக் கொஞ்சம் கூட, கடை விலையை விடக் கொஞ்சம் கம்மின்னு தினம் ஒரு விலை எழுதிப் போடுவாங்க. ரெண்டு பேருக்கும் நட்டமில்ல. வங்காளத்துக்காரங்க கத்திரிக்காயைப் 'பேகுன்'பாங்க. வட்டமா அரிஞ்சு மஞ்சத்தூள் தடவி எண்ணெயில பொரிச்சுடுவாங்க. நம்ம கூடைக்காரம்மாக்களும் "தீதி, பேகுன் பாருங்க, பேகுன்"னு கூப்பிடக் கத்துக்கிட்டாங்க. பொட்டோல்னு ஒரு காய், கோவக்காய்க்கு அண்ணன் மாதிரி இருக்கும். நம்ம வீட்டுல யாரும் சமைக்கிறதில்ல, ஆனா அவங்களுக்காகவே வேலூர்ல விக்குது.

2020 மார்ச் 25ல ஊரடங்கு போட்டப்போ இந்த அடுப்போட அருமை தெரிஞ்சுது. ஆயிரக்கணக்கான வடநாட்டு நோயாளிகள் லாட்ஜ்லயே மாட்டிக்கிட்டாங்க. மே மாசம் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்கும் மேற்கு வங்கத்துக்கும் சிறப்பு ரயில் விடுற வரைக்கும் அவங்க இங்கேயேதான். சாப்பாட்டுக் கடையில உக்காந்து சாப்பிட முடியாத நாள்ல, மூலையில ஒரு அடுப்பு இருந்தவங்க பொங்கித் தின்னாங்க. இல்லாதவங்க யார் பொட்டலம் குடுப்பாங்கன்னு காத்திருந்தாங்க.

இப்ப என் ஆதங்கத்துக்கு வர்றேன். வரி.

2022 ஜூலை 18க்கு முன்னாடி, ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கீழ வாடகை உள்ள ரூமுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அன்னையிலிருந்து அந்தச் சலுகையை எடுத்துட்டாங்க, 12 சதவீதம் போட்டாங்க. 2025 செப்டம்பர் 22லிருந்து அதை 5 சதவீதமா குறைச்சிருக்காங்க, நல்லது. ஆனா கணக்கைப் பாருங்க. அறுநூறு ரூபாய் ரூம்ல நாப்பது நாள் தங்கினா 24,000. பழைய வரிப்படி 2,880, இப்ப 1,200. ஆயிரத்து இருநூறு ரூபாய் உங்களுக்கு ஒரு சினிமாவும் சாப்பாடும். நிலத்தை அடமானம் வெச்சுட்டு வர்றவனுக்கு அது ஒரு வாரத்துக் காய்கறி, அரிசி, பால்.

இதுல விசித்திரம் என்னன்னா, ஆஸ்பத்திரிக்குள்ள ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வரைக்கும் உள்ள ரூமுக்கு வரி இல்ல. அதே நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி ரோட்டைத் தாண்டி 600 ரூபாய் கட்டில்ல படுத்தா வரி உண்டு. தையல் பிரிக்க இன்னும் பத்து நாள் இருக்கும், டாக்டர்தான் 'ஊருக்குப் போகாதே, பக்கத்துலயே இரு'ன்னு சொல்லியிருப்பார். அவர் ஏதோ ஏலகிரிக்கு உல்லாசமா வந்தவர் மாதிரி வரி.

2024 ஜூன்ல ஜி.எஸ்.டி. கவுன்சில் ஒரு சலுகை அறிவிச்சுது. ஆளுக்கு மாசம் 20,000 ரூபாய்க்குள்ள வாடகை இருந்து, தொடர்ந்து 90 நாள் தங்கினா வரி இல்ல. வெளி ஹாஸ்டல்ல தங்குற மாணவர்களையும் வேலைக்குப் போறவங்களையும் மனசுல வெச்சு எழுதினது. அவங்களுக்குச் சரி, படிக்க வர்றவனுக்கு எத்தனை மாசம்னு தெரியும். நோயாளிக்கு எப்படித் தெரியும்? நூறு நாள் தங்கினவருக்கு வரி இல்ல, சீக்கிரம் குணமாகி நாப்பதாவது நாள் கிளம்பினவருக்கு வரி. ஆஸ்பத்திரி சீட்டைக் காட்டினா பதினைஞ்சு நாள் தங்கினாலே இந்தச் சலுகை உண்டுன்னு மாத்தினா அரசாங்கம் ஒண்ணும் ஏழையாயிடாது. வேலூருக்கு மட்டும் இல்ல, அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி, மதுரை அரவிந்த்னு எங்க வெளியூர் நோயாளி தங்கினாலும் இது பொருந்தும். சின்ன லாட்ஜ் எதுவும் ஜி.எஸ்.டி.க்குள்ள வராதுன்னு சிலர் சொல்வாங்க. வருஷம் 20 லட்சத்துக்குள்ள வரவுன்னா வராதுதான். ஆனா பத்து ரூம், அறுநூறு ரூபாய், வருஷம் முழுக்க நிரம்பினா ஏறக்குறைய 22 லட்சம். பத்து ரூம் லாட்ஜ் பெரிய முதலாளியா?

லாட்ஜ்காரங்களுக்கு வக்காலத்து வாங்குறேன்னு நினைச்சுடாதீங்க. அவங்க மேலயும் சொல்ல நிறைய இருக்கு. அடுப்பு வெச்சுக் குடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஜன்னல் வெச்சுக் குடுக்கத் தெரியல. ஒரு மாடிக்கு ஒரே படி, அந்தப் படியிலயே காலி சிலிண்டரை அடுக்கி வெச்சிருப்பாங்க. மாநகராட்சி இதைப் பாக்கணும். ஆனா பாக்குறேன்னு வந்து 'ரூம்ல சமைக்கக் கூடாது'ன்னு ஒரே வரியில உத்தரவு போட்டுடக் கூடாது, எனக்கு அந்தப் பயம் உண்டு. மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை, வெளியே வெச்ச சிலிண்டர், தீயணைப்பான் இருந்தா போதும், சமையலை நிறுத்த வேண்டியதில்ல. காட்பாடி ஸ்டேஷன்ல "சார் ரூம், சார் ரூம்"னு சூழ்ந்துக்கிறவங்க கூடப் போகாதீங்க, அவங்க தரகும் உங்க வாடகையிலதான் ஏறும். இன்னொண்ணு, ஆஸ்பத்திரியைச் சுத்தி இருந்த குடியிருப்பு வீடுங்க ரூமா மாற மாற, உள்ளூர்ல வாடகைக்கு இருந்த குடும்பங்கள் சத்துவாச்சாரிக்கும் அதைத் தாண்டியும் போக வேண்டியதாச்சு. அவங்க கோவம் நியாயமான கோவம். அதை வடநாட்டு நோயாளி மேல காட்டுறதுதான் நியாயமில்ல.

தண்ணி பத்தி ஒரு வார்த்தை. ரூம் குழாயில வர்ற போர் தண்ணியைக் குளிக்க மட்டும் வெச்சுக்கோங்க. தோல் கழிவால பாலாறு என்ன ஆச்சுன்னு தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996லயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு. நிலத்தடித் தண்ணி தீர்ப்பைப் படிச்சுட்டுத் திருந்துறதில்ல. கஞ்சி வைக்கவும் பருப்பு வேகவும் கேன் தண்ணியே ஊத்துங்க.

2024 ஆகஸ்டுல பங்களாதேஷ்ல ஆட்சி கவிழ்ந்த பிறகு விசா குடுக்குறது ரொம்பக் குறைஞ்சுது. அதோட தாக்கம் வேலூர்ல லாட்ஜ்ல ஆரம்பிச்சு, மருந்துக்கடை, ஆட்டோன்னு வந்து காய்க்கூடையில முடிஞ்சுது. டாக்காவுல நடக்குற அரசியலால அணைக்கட்டுல கத்திரிக்காய் தேங்கும்னு எங்க தாத்தாகிட்ட சொல்லியிருந்தா சிரிச்சிருப்பார். வெளிநாட்டுக்காரங்களுக்கு ரூம் குடுத்தா இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்தை ஆன்லைன்ல பதியணும்னு சட்டம் இருக்கு. அது தெரியாததாலயோ பயத்தாலயோ சில வீட்டுக்காரங்க அவங்களுக்கு ரூமே குடுக்கிறதில்ல. பதியறது ஒரு ஃபாரம் வேலைதான்.

நீங்க வர்றப்போ ஒரு மூணு லிட்டர் குக்கர், ஒரு கத்தி, உங்க வீட்டு சாம்பார்பொடி, ஊறுகாய் எடுத்துட்டு வாங்க, மத்ததெல்லாம் இங்க கிடைக்கும். காய் வாங்க காலையில ஏழு மணிக்குள்ள சந்தைக்குப் போங்க. ரூமைப் போன்ல முடிக்காதீங்க. முதல் ராத்திரி எங்கயாவது தங்கிட்டு, காலையில நேர்ல போய்ப் பாருங்க. லிஃப்ட் ஓடுதா, நோயாளி ஏற முடியுமா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, பிடிச்சு எழுந்திருக்கக் கம்பி இருக்கா. அதுக்கும் முன்னாடி ஜன்னலைப் பாருங்க. அடுப்பு உள்ள ரூம்ல ஜன்னல் இல்லேன்னா, வாடகை எவ்வளவு கம்மின்னாலும் அடுத்த படியேறிடுங்க.