சக்கரவர்த்தியின் சட்டமும் கவிஞனின் ஏடும்

தோழனே!

ஒழுக்கம் உயர்ந்தது, ஐயமில்லை. ஆனால் அரியணை ஒழுக்கம் பேசத் தொடங்கினால், அதன் நாவை மட்டுமல்ல, நடையையும் நாம் நோக்கவேண்டும். ரோமாபுரி தரும் பாடம் அது.

கி.மு. 18-ல் சக்கரவர்த்தி அகஸ்டஸ் சட்டம் தீட்டினான். மணம் புரியாதவனுக்கு மரபுரிமைச் சொத்தில் தடை! பிறன்மனை உறவு பெருங்குற்றம்! தவறிய மனைவி, சீதனத்தில் பாதியையும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கையும் இழந்து தீவுக்குப் போகவேண்டும். கணவனோ, அடிமைப் பெண்ணை நாடலாம், விலைமகளிரைத் தேடலாம். சட்டம் கண்மூடிக் கொள்ளும். ஆணுக்கொரு தராசு, பெண்ணுக்கொரு தராசு!

தீட்டியவன் யார்? தன் மகள் ஜூலியா பிறந்த அன்றே மனைவியைத் தள்ளிவைத்தவன். மாற்றான் மனைவியாய், கர்ப்பிணியாய் இருந்த லிவியாவைக் கி.மு. 38-ல் மணமுடித்தவன்! கி.பி. 9-ல் மற்றொரு திருமணச் சட்டம் வந்தது. அதற்குத் தம் பெயர் தந்த கன்சல்கள் இருவரும் மணமாகாதவர்கள்! எப்படியிருக்கிறது வேடிக்கை?

பேரரசுக்குப் பிள்ளைகள் வேண்டும்; படைக்கு ஆள் வேண்டும். இதைக் கண்டுகொண்டான் புரொபெர்ஷியஸ். போருக்கு அனுப்பப் புதல்வனைப் பெற்றுத் தரமாட்டேன், காதலியைப் பிரியமாட்டேன் என்று முன்பே பாடினான் அந்தக் கவிஞன்.

பின்னர் வந்தான் ஓவிட். மன்னன் மணவறைக்குக் காவல் போட்டான். கவிஞன் ‘காதற் கலை’ தீட்டினான். மகள் ஜூலியாவையே கி.மு. 2-ல் தீவுக்குத் துரத்திய மன்னன், கி.பி. 8-ல் ஓவிட்டைக் கருங்கடற்கரை டோமிஸுக்கு ஓட்டினான். வழக்குமன்றம் இல்லை, விசாரணை இல்லை, ஆணை ஒன்றே! ஏடும் பொது நூலகங்களிலிருந்து அகற்றப்பட்டது. ஒரு கவிதையும் ஒரு பிழையும் தன்னைக் கெடுத்தன என்றான் ஓவிட். அந்தப் பிழை எதுவென்று அவன் உரைக்கவேயில்லை.

அவன் புரட்சி வீரனல்ல, தோழனே. மன்னிப்புக் கேட்டு மடல்மேல் மடல் விடுத்தவன். அகஸ்டஸ் மாண்டபின்னும் மீட்சி வரவில்லை; அயல்மண்ணிலேயே மடிந்தான். எனினும் ஏடு மாளவில்லை. 2017 டிசம்பரில் ரோம் நகர மன்றம் அவன் தண்டனையை ரத்து செய்தது. டோமிஸ் இன்று ருமேனியாவின் கான்ஸ்டான்சா. ஆங்கே சிலையாய் நிற்கிறான் ஓவிட்!

ஆட்சிபீடம் ஒழுக்கம் போதிக்கும்போதெல்லாம் கேள், தோழனே: இந்தச் சட்டம் யார்மீது பாய்கிறது? யாரைக் கண்டு பதுங்குகிறது? விடையில் தெரியும், அது ஒழுக்கமா, ஒடுக்குமுறையா என்பது!